தொண்ணூறு டிகிரி

பழைய வண்டி விற்கிறவன் இரண்டு பேரைச் சமாளிக்க வேண்டும். ஒருவர் வாங்க வருகிறவர், இன்னொன்று வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர். வாங்க வருகிறவருக்கு என் வாய் போதும். கம்ப்யூட்டரை என் மனைவியின் ஒரே தம்பி பார்த்துக்கொள்வான். ஸ்கேனரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிவதால் கடைத்தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். நோயை விட்டுவிட்டு நோயாளியின் வாயை மூடுகிற டாக்டர்.

அந்த வெள்ளை வேனுக்கு ரேடியேட்டர் அடைப்பு. சுமையோடு மேடு ஏறினால் இஞ்சின் கொதிக்கும். உடனே கம்ப்யூட்டர் சிவப்பு விளக்கைப் போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, இஞ்சினின் வேகத்தையும் தானே அடக்கிவிடும். இந்த லட்சணத்தில் யார் வாங்குவார்கள்? டாக்டர் வெப்பத்தை அளக்கிற சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கி, அதன் முனையில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்றைச் சொருகினான். அதன்பின் வெயிலோ மழையோ, கம்ப்யூட்டருக்கு எந்நேரமும் தொண்ணூறு டிகிரிதான். விளக்குக்கும் வேலை இல்லை, ஃபேனுக்கும் வேலை இல்லை.

"இனிமே சாகுற வரைக்கும் நல்லாயிருக்கேன்னுதான் சொல்லும், மாமா" என்றான். சிரித்தேன்.

வாங்கியவர் கடைகளுக்கு ரொட்டி போடுகிறவர். மனைவியோடு வந்தார். டயரைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு இஞ்சின் பற்றி ஒன்றும் தெரியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். இப்படிச் சொல்கிறவர்களை எங்கள் தொழிலில் கோயில் கட்டிக் கும்பிடலாம். சிவப்பு விளக்கு எரியாத வரைக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்றேன்.

ஒன்பதாம் நாள் காலை, வேன் நிறைய ரொட்டியோடு மேம்பாலம் ஏறும்போது இஞ்சின் இறுகி நின்றது. பின்னால் வந்த லாரி நிற்கவில்லை. ரொட்டிக்காரர் பிழைக்கவில்லை.

இஞ்சின் கொதிப்பதைக் கவனிக்காமல் ஓட்டியவர் மேல்தான் தப்பு என்றது லாரிக்காரர் தரப்பு. வாகன ஆய்வாளர் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கப்போகிறார் என்று தெரிந்ததும் டாக்டர் என்னிடம் ஓடிவந்தான். தன் கைவேலை வெளியே வந்தால் ஜெயில்தான் என்றான். அவன் போனால் சந்தேகம் வரும், ஆகவே நான் போனேன்.

காவல் நிலையத்து முற்றத்தில் வேன் நின்றது. பின்பக்கம் அப்பளமாக நொறுங்கியிருந்தது, முன்பக்கத்தில் கீறல்கூட இல்லை. பக்கத்தில் ஒரு ரொட்டித் தட்டைக் கவிழ்த்துப்போட்டு ரொட்டிக்காரரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். நான் விற்ற வண்டி, மனசு கேட்கவில்லை, ஒருதடவை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். தலையசைத்தாள். பானெட்டைத் தூக்கினேன். அரிசி அளவு ரெசிஸ்டர் என் சட்டைப்பைக்கு வந்தது, வயர் பழையபடி சென்சாருக்குப் போனது. பத்து விநாடி.

"விளக்கு எரிஞ்சா நிறுத்தியிருப்பார், அண்ணே" என்றாள். "நீங்க சொன்னதத்தான் தினமும் சொல்லிட்டுக் கிளம்புவார்."

பானெட்டை மூடினேன்.

ஆய்வாளர் வந்தார். சாவியைத் திருப்பி ஸ்கேனரைச் சொருகினார். ஆறிக் கிடந்த இஞ்சினுக்கு இருபத்திரண்டு டிகிரி என்று காட்டியது. எனக்கு மூச்சு வந்தது. அவர் இன்னொரு பொத்தானை அழுத்தினார். இஞ்சின் தடுமாறத் தொடங்கிய நொடியின் அளவுகளைக் கம்ப்யூட்டர் எழுதி வைத்திருந்தது. இதை டாக்டர் எனக்குச் சொல்லவில்லை, அல்லது பயத்தில் அவனே மறந்துவிட்டான்.

"இஞ்சின் வெந்து போயிருக்கு. அந்த நேரத்துலயும் தொண்ணூறுன்னு எழுதியிருக்கு" என்றார் ஆய்வாளர். பானெட்டைத் தூக்கிக் குனிந்து சென்சாரைப் பார்த்தார். சுற்றிலும் புழுதி, வயர் முனையில் மட்டும் விரல் பட்டுத் துடைத்த சுத்தம். "இன்னைக்கு யாராவது இதத் தொட்டாங்களாம்மா?"

"வேற யாரும் வரல சார்" என்றாள் அவள். "இந்த அண்ணன் மட்டும்தான் வந்து பார்த்தார். நல்ல மனுஷன்."

ஆய்வாளர் புழுதி ஒட்டியிருந்த என் விரல்களைப் பார்த்தார். கையைச் சட்டைப்பைக்கு மேல் வைத்து மறைத்தேன். அவர் பார்வையும் அங்கே வந்தது.