நாலு மேசைச் சங்கத்தின் சாம்பியன்கள்

அல்பியன் பூல் ஆட்டக்காரர் கழகத்துக்கு நாற்பது வயது நிறைந்த வருஷம், வுட் கிரீனில் இருக்கும் அதன் மண்டபத்தில் ஒரு பெரிய பெயர்ப்பலகை மாட்டுவதென்று முடிவாயிற்று. கழகம் தொடங்கிய நாள் முதல் வென்ற அத்தனை சாம்பியன்களின் பெயரும் அதில் பொன்னெழுத்தில் வரும். பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிப் பழைய ஆட்டக்காரர் எல்லோருக்கும் மின்னஞ்சல் போனது. பக்கத்து எட்மண்டனில் மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்யும் யசோதினிக்கும் வந்தது. மத்தியானம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதைப் படித்தாள். மகளிர் சாம்பியன்கள் என்ற பகுதியில் 2008 முதல் 2011 வரை நாலு வருஷத்துக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருந்தது: 'போட்டி நடக்கவில்லை.'

2010-இல் வென்றவள் அவள்.

அன்று பின்னேரம் கணவன் கமலநாதனிடம் காட்டினாள். அவன் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தான்.

"அவை போடாட்டி என்ன? நீர் வெண்டது இல்லையெண்டு ஆகுமே?" என்றான்.

"ஆகாது. பேரை விட்டிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பன். போட்டியே நடக்கேல்லையெண்டு எழுதியிருக்கினம். அது பொய்யெல்லே?"

அவன் கண்ணாடியைக் கழற்றி வைத்தான். இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவனுக்கு அந்தக் குரல் தெரியும்.

நடந்தது இதுதான். மேசையில் பந்துகளைக் கோலால் அடித்துக் குழியில் விழுத்தும் பூல் ஆட்டத்தைப் பரிசுக்காக ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர்களின் கழகம் அது. முதலில் ஆண்களுக்கொரு சாம்பியன்ஷிப், சில வருஷம் கழித்துப் பெண்களுக்கொரு சாம்பியன்ஷிப் என்று வருஷாவருஷம் நடத்தி வந்தது. 2008-இல், மண்டபத்தில் நேரம் போதவில்லை என்று சொல்லிப் பெண்கள் போட்டியை மட்டும் நிறுத்தியது. அடுத்த வருஷம் பார்ப்போம் என்றார்கள். பார்க்கவில்லை. டொட்டன்ஹாமில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த மார்சியா என்ற ஜமெய்க்காக்காரி அதற்கெல்லாம் காத்திருக்கிற ஆளில்லை. எட்மண்டனில் கம்பளக் கடை ஒன்றின் மேல்மாடியில் நாலு மேசை போட்டிருந்த சின்ன மண்டபத்தைப் பிடித்தாள். தெரிந்த ஆட்டக்காரிகளையெல்லாம் கூப்பிட்டாள். தொழில்முறை மகளிர் பூல் சங்கம் என்று பதிவு செய்தாள். கழகத்து ஆண்கள் அதை 'நாலு மேசைச் சங்கம்' என்று கேலி செய்தார்கள். பெண்களுக்கு அந்தப் பெயர் பிடித்துப்போய், அடுத்த வருஷம் சட்டையிலேயே தைத்துக்கொண்டார்கள்.

நாலு வருஷம் நாலு சாம்பியன்ஷிப். முதல் வருஷம் மார்சியா வென்றாள், இரண்டாம் வருஷம் ஷீலா. மூன்றாவது யசோதினி. நாலாவது ஜோன். 2012-இல் கழகம் மனம் மாறிப் பெண்கள் போட்டியைத் திரும்பத் தொடங்கியதும் எல்லோரும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

யசோதினி வென்ற இறுதியாட்டத்தன்று அந்த மாடியில் வெப்பக்கருவி வேலை செய்யவில்லை. ஜனவரிக் குளிர். மேற்சட்டை போட்டுக்கொண்டு கோலைப் பிடிக்க முடியாது என்று அவளும் ஷீலாவும் கம்பளிச் சட்டையோடு ஆடினார்கள். முறைக்கு முறை கைகளைத் தேநீர்க் கோப்பையில் சூடாக்கினார்கள். ஆளுக்கு எட்டு ஆட்டம் வென்று சமமாக நின்றார்கள். கடைசி ஆட்டத்தில் கறுப்புப் பந்து மட்டும் மிச்சம்; அதை விழுத்துபவளுக்குத்தான் பட்டம். அது விளிம்போடு ஒட்டிக் கிடந்தது. ஷீலா அடித்தது குழியின் வாயில் முட்டித் திரும்பியது. யசோதினி மேசையை ஒருமுறை சுற்றி நடந்தாள். நேரே அடிக்க வழியில்லை. எதிர் விளிம்பில் முட்டவைத்து நடுக்குழிக்குத் திருப்ப வேண்டும். மூச்சை விட்டுவிட்டு அடித்தாள். பந்து குறுக்கே ஓடி, திரும்பி வந்து, சத்தமில்லாமல் விழுந்தது. முதலில் கை தட்டியது தோற்ற ஷீலாதான்.

அந்த ஆட்டத்தை யாரோ வந்து 'நடக்கவில்லை' என்று சொல்வதா?

அவள் கழகத்துக்குக் கடிதம் எழுதினாள். மூன்றாம் நாள் தலைவர் கிரஹாம் தொலைபேசியில் வந்தார். தன்மையான மனிதர், ஆனால் விதிப்புத்தகத்தைத் தாண்டி ஓர் அடி வைக்கமாட்டார்.

"யசோதினி, உங்கள் ஒருவரின் பெயரைச் சிறப்புக் குறிப்பாகச் சேர்த்துவிடலாம். இலங்கையிலிருந்து வந்து வென்ற ஒரு பெண். கழகத்துக்கும் அது பெருமை."

"மற்ற மூன்று பேரும்?"

"அதற்குப் பொதுக்கூட்டம் சம்மதிக்காது."

"அப்படியென்றால் என் பெயரும் வேண்டாம். கூட்டத்துக்கு வருகிறேன்."

தொலைபேசியை வைத்துவிட்டு அந்த மின்னஞ்சலை மறுபடி திறந்தாள். பொன்னெழுத்தில் தன் பெயரைப் பார்க்க அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் ஜோன் இரண்டு வருஷத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டாள். அவளுக்காகப் பேச வேறு யார் இருக்கிறார்கள்?

கூட்டம் ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு காலை. எழுபத்தைந்து உறுப்பினர் வந்திருந்தார்கள். மார்சியாவும் ஷீலாவும் அவளுக்கு இரண்டு பக்கமும் இருந்தார்கள். முன்வரிசையில் கழகத்தின் தலைமை நடுவர் ஹாரி பென்சன், மார்பில் வெள்ளிச் சின்னத்தோடு. யசோதினி அவரைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

கிரஹாம் விதியை வாசித்தார். சாம்பியன்ஷிப் என்று ஏற்றுக்கொள்ளக் குறைந்தது பதினாறு பேர் ஆடியிருக்க வேண்டும். உரிமம் பெற்ற நடுவர் நடத்தியிருக்க வேண்டும்.

யசோதினி எழுந்தாள். "எங்களிடம் ஆகக் குறைந்த வருஷம் பத்தொன்பது பேர் ஆடினார்கள். இன்னொன்றும் கேட்கிறேன். ஒருவர் தவறு செய்தால் எதிராளிக்கு எத்தனை அடி என்ற சண்டையில் 1996-இலும் 97-இலும் ஆண்கள் இரண்டு கழகமாகப் பிரிந்து இரண்டு சாம்பியன்ஷிப் நடத்தினீர்கள். பட்டியலில் அந்த வருஷங்களுக்கு இரண்டு இரண்டு பெயர் இருக்கிறது. பிரிந்து போன ஆண்களுக்கு ஒரே வருஷத்தில் இரண்டு சாம்பியன். பெண்களுக்கு மட்டும் ஏன் ஒருவருமில்லை?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். யாரோ மேசையைத் தட்டினார்கள். கிரஹாமின் முகம் சிவந்தது.

"அந்த இரண்டு போட்டிகளுக்கும் உரிமம் பெற்ற நடுவர் இருந்தார்கள். உங்களுக்கு யார் நடுவர்?"

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. ஆனால் சொல்ல முடியாது. வேறு சங்கத்துப் போட்டியில் நிற்கும் நடுவரின் உரிமம் பறிக்கப்படும் என்று கழகம் அன்று அறிவித்திருந்தது. இன்றும் அந்த விதி நீக்கப்படவில்லை. வந்து நின்றவர் பெயரை வெளியே விடுவதில்லை என்று ஆடிய பெண்கள் எல்லோரும் வாக்குக் கொடுத்திருந்தார்கள்.

"உரிமம் உள்ளவர்தான். பெயரைச் சொல்லமாட்டேன்," என்றாள் யசோதினி.

"சொல்லாவிட்டால் இது தோற்றுவிடும். அது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

மார்சியா அவளை நிமிர்ந்து பார்த்தாள். அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். கிரஹாம் வாக்கெடுப்புக்குக் காகிதத்தைப் புரட்டினார். அப்போது முன்வரிசையில் ஒரு நாற்காலி கரகரவென்று பின்னுக்கு நகர்ந்தது.

"நான்தான்," என்றார் ஹாரி பென்சன்.

எழுபது வயது மனிதர் மெல்லத் திரும்பி உறுப்பினரைப் பார்த்து நின்றார். "நாலு இறுதியாட்டத்துக்கும் நான்தான் நடுவர். சின்னத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பின்வாசலால் போனேன். அந்தக் கறுப்புப் பந்தை இந்தப் பெண் அடித்ததை மூன்றடி தூரத்தில் நின்று பார்த்தேன். நாற்பது வருஷத்தில் அதைவிட நல்ல அடி இந்த மண்டபத்தில் நான் பார்க்கவில்லை. முன்னமே சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். இவர்கள் என்னைக் காப்பாற்றினார்கள். அதற்கு நான் வெட்கப்படுகிறேன்."

வெள்ளிச் சின்னத்தைக் கழற்றித் தலைவரின் மேசையில் வைத்தார்.

பிறகு 1997-இல் பிரிந்த கழகத்தில் வென்ற முதியவர் ஒருவர் எழுந்து, "என் பெயருக்குப் பக்கத்தில் அவர்கள் பெயர் இல்லையென்றால் என்னுடையதையும் அழித்துவிடுங்கள்," என்றார். அதோடு மண்டபம் முழுவதும் கை தட்டத் தொடங்கியது. வாக்கு அறுபத்தொன்றுக்குப் பதினாலு. கிரஹாம் எண்ணிக்கையை வாசித்து முடித்ததும் எழுந்து வந்து, சின்னத்தை எடுத்து, ஹாரியின் சட்டையில் தன் கையாலேயே குத்திவிட்டார். பழைய விதியை நீக்கவும் அன்றே தீர்மானம் எழுதினார்கள்.

பலகை அக்டோபரில் திறக்கப்பட்டது. கமலநாதன் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு, கல்யாணவீட்டுக்குப் போகிற மாதிரிக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். ஜோனின் மகளும் வந்திருந்தாள். தாயின் பெயரை விரலால் தடவிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். யசோதினி அவள் தோளைத் தொட்டாள்.

கமலநாதன் படம் எடுக்க முனைந்தான். முன்னால் நின்ற இரண்டு வெள்ளைக்காரரை விலகச் சொல்லி, "எக்ஸ்கியூஸ் மீ, அது என்ர வைஃப்," என்றான். அவர்கள் விலகவில்லை. திரும்பி அவனுடைய கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவன் திணறிப்போனான்.

"என்னப்பா, அழுறீங்களே?" என்று கேட்டாள் யசோதினி.

"இல்லை, இந்த வெளிச்சம் கண்ணுக்குள்ள குத்துது," என்றான்.

பின்னேரம் அந்த வருஷத்து மகளிர் இறுதியாட்டம். போன வருஷம் நடந்ததை முப்பத்தோராவது என்று அச்சடித்திருந்தார்கள். இப்போது ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "கழகத்தின் முப்பத்தாறாவது மகளிர் சாம்பியன்ஷிப்."

மார்சியா விடுபட்ட நாலையும் சேர்த்து விரல் விட்டு எண்ணிப் பார்த்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி விசிலடித்தாள். விளக்குகள் மேசையின் மேல் இறங்கின. இளம் ஆட்டக்காரிகள் இருவரும் உள்ளே வந்தார்கள். யசோதினி நிமிர்ந்து உட்கார்ந்து, மற்ற எல்லோரையும்போல ஆட்டத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.