எட்டு மணிக்கு ஒரு வாய்

செல்வமாரி தீக்குச்சியை அள்ளிப் பெட்டியில் அடைத்துத் தள்ள, எதிரே சொர்ணத்தாய் அதை மூடித் தட்டில் அடுக்கினாள். தட்டுக் கணக்குக்குத்தான் கூலி, அதிலும் ஆளுக்குப் பாதி. ஒருத்தி கை நின்றால் மற்றவளும் சும்மா உட்கார வேண்டியதுதான். இன்று செல்வமாரியின் கை அடிக்கடி நின்றது. நெஞ்சுக்குழியில் மிளகாயை அரைத்து அப்பியதுபோல எரிந்தது. புளித்த தண்ணீர் தொண்டைவரை வந்து வந்து போயிற்று.

"ஏட்டி, கேஸ் மாத்திரை போடலியா?"

"குறைச்சிட்டேன் மதினி. டாக்டரம்மா அத விடச் சொல்லிட்டாவ."

எப்போதோ இடுப்புவலிக்குப் போனபோது கிளினிக்கில் வலி மாத்திரையோடு சேர்த்து எழுதிக் கொடுத்தது அது. வலி போய்விட்டது, அது மட்டும் போகவில்லை. மெடிக்கலில் சீட்டுக்கூடக் கேட்பதில்லை. மாதத்தில் ஒருநாள் கூலி அதற்கென்றே போனது. போன வாரம் கோவில்பட்டி அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் ப்ரியதர்ஷினி அந்த மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார்.

"உங்களுக்கு வயித்துல புண்ணு இல்லம்மா. இத ஏன் வருஷக்கணக்கா முழுங்குறீங்க? ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு, அப்புறம் நிறுத்திருங்க. முதல்ல எரிச்சல் கூடும், பயப்படாதீங்க. ஆனா காலையில எட்டு மணிக்குள்ள சாப்பிட்டிரணும்."

எட்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு எங்கே போவது? தீப்பெட்டி ஆபீஸ் வண்டி அவள் ஊரான பசுவந்தனைக்கு விடியுமுன்பே வந்து நிற்கும். சோறு பொங்கி, தூக்குவாளியில் அடைத்து, ஓடி ஏறத்தான் நேரம் சரியாக இருக்கும். அவசரத்தில் ஒரு வாய் தின்றாலும் அந்தக் குலுக்கலில் வெளியே வந்துவிடும். சாப்பாட்டு மணி பதினொன்றுக்குத்தான்.

"நீ மட்டும் எந்திரிச்சுப் போனா என் கையும்லா நிக்கும்" என்றாள் சொர்ணத்தாய். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் எரியத்தான் செய்யுது. கேக்குறதுதான் கேக்க, எல்லாருக்கும் சேத்துக் கேளு."

ஃபோர்மேன் பூவனலிங்கம் கெட்டவர் இல்லை. அவர் சட்டைப்பையிலும் அதே அட்டைதான் இருந்தது.

"அண்ணாச்சி, எட்டு மணிக்குப் பத்து நிமிசம் விட்டா எல்லாரும் ஒரு வாய் தின்னுக்கிடுவோம். வெறும் வயித்துல கெடந்து எரியுது. சாயங்காலம் கூடப் பத்து நிமிசம் உக்காருதோம்" என்றாள் செல்வமாரி.

அவர் தலையைச் சொறிந்தார். "முதலாளிகிட்ட சொல்லிப் பாக்கேன்."

அவர் முடியாது என்று சொல்லாததே செல்வமாரிக்குப் பெரிதாக இருந்தது. அதற்குப் பிறகு எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். இன்னும் கொஞ்சநாள்தான், அப்புறம் இந்த மாத்திரைச் சனியனை விட்டுத் தொலைத்துவிடலாம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு மணி அடித்தது. என்றைக்கும் அடிக்காத நேரம். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செல்வமாரி முதல் ஆளாக எழுந்து தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் பூவனலிங்கம் ஓர் அட்டைப்பெட்டியோடு நின்றிருந்தார்.

"வாளிய உள்ள வச்சிட்டு வா. சாப்பாட்டுக்கு இல்ல" என்றார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "உங்க வயித்துக் கஷ்டத்தச் சொன்னேன். முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாவ. மாத்திரைய மொத்தமா வாங்கி அனுப்பியிருக்காவ, காசு கிடையாது. தினமும் ஆளுக்கொண்ணு. போட்டதும் போய் உக்காந்திரணும். இனிமே வயிறு எரியுதுன்னு யாரும் எந்திரிக்கப்படாது."

பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டே வரிசையில் நின்றார்கள். இனி மெடிக்கலுக்குக் காசு அழ வேண்டியதில்லை என்றாள் ஒருத்தி. சொர்ணத்தாய் செல்வமாரியின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "எல்லாம் இவ வாயத் தொறந்த புண்ணியம்."

"நான் சோத்துக்குல்லா கேட்டேன்" என்றாள் செல்வமாரி. அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை. வரிசை பின்னாலிருந்து நெருக்க, அவள் கையை நீட்டினாள்.

பூவனலிங்கம் அவளைப் பார்த்துச் சிரித்தார். அட்டையைக் கத்தரித்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"நீதான கேட்ட. உனக்கு ரெண்டு."