தொட்டியிலிருந்து மாயமான ராஸ்

கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுக்காத குருசாமி, மீனுக்குக் கடல்தண்ணீர் வாங்கினான். சங்கரன்கோவிலில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவனுக்குக் கடல் எதற்கு என்று கேட்கப்படாது. ஆசைக்கு ஏது வெட்கம்? தூத்துக்குடியிலிருந்து உப்பு லாரி ஓட்டிவரும் ஏசுவடியான்தான் கேன் கேனாகத் தண்ணீரும், பாறைத் துண்டும், பச்சை உடம்பில் சிவப்புக் கோடு இழுத்த அந்த மீனையும் கொண்டுவந்து இறக்கினான்.

"இதுக்குப் பேரு ராஸ். குதிக்கிற சாதி, கண்ணாடித் தொட்டிக்கு மேல வலையக் கட்டு. அடியில நாலு விரக்கடை கடல்மணலப் போடு" என்றான்.

வலை எதற்கென்று புரிந்தது. மணல் அழகுக்கு என்று குருசாமியே முடிவு செய்துகொண்டான்.

மத்தியானம் இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கி ஊட்டாத குறையாகப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனான். பொழுது சாய்ந்து வந்து பார்த்தால் மீனைக் காணோம். வலை கட்டினது கட்டினபடி இருக்கிறது. தரையிலும் இல்லை. அடுப்படியிலிருந்து வறுவல் வாசனை வருகிறது!

சட்டியில் கிடந்ததைத் தூக்கி வாயைப் பிளந்து பார்த்தான். ராஸுக்கு முன்பல் துருத்திக்கொண்டிருக்கும், இதற்கும் துருத்திக்கொண்டிருந்தது. போதாதா?

"ஏட்டி பாவி, என் மீன வறுத்திட்டியே!"

"கூறு கெட்டுப் போச்சா? இது சந்தையில வாங்குன விளமீனு."

"பல்லப் பாருட்டி! பல்லு பொய் சொல்லுமா?"

பெண்டாட்டி மாரித்தாய் உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தினாள். கோமதியம்மன் சாட்சியாக அந்த மீனைத் தான் தொடவில்லை என்று சொல்லி, மறுகையால் அடித்து அணைத்தாள். அந்த ஊரில் அதற்குமேல் ஒரு கோர்ட்டும் கிடையாது. குருசாமியோ, "சூடம் அணைஞ்சா மீன் வந்துருமா?" என்று கேட்டுத் தொலைத்தான். அவ்வளவுதான். விடிந்ததும் அப்பன் வீட்டுக்குப் போகிறேன் என்றவள், சிவகிரி பஸ் கண்டக்டரிடம் அப்பனுக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டாள்.

விடிந்தது. மாரித்தாய் பையோடு வாசலுக்கு வந்தபோது தொட்டி மணல் லேசாக அசைந்தது. முதலில் மூக்கு, பிறகு பல், பிறகு முழு ராஸும் எழுந்துவந்து, நன்றாகத் தூங்கி எழுந்த மாப்பிள்ளை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றியது. மணலுக்குள் புதைந்து தூங்குகிற சாதியாம்!

அதைப் பார்த்தது குருசாமி மட்டும்தான். சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் பெண்டாட்டி போவாள். அவள் இல்லாத வீட்டை நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. இரண்டையும் காப்பாற்ற நினைத்து, இடுப்பு வேட்டியை உருவித் தொட்டிமேல் போர்த்தினான்.

"போவாதட்டி. நீ தின்னிருந்தாலும் மன்னிச்சிட்டேன்."

"மன்னிச்சிட்டீகளோ?"

அண்டிராயரோடு நின்றவனை ஏற இறங்கப் பார்த்தாள். வேட்டியைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். உள்ளே ராஸ் நிம்மதியாக நீந்திக்கொண்டிருந்தது.

மாரித்தாய் பையை இறக்கி வைத்தாள். சிரிப்பாள் என்று நினைத்தான். சிரிக்கவில்லை.

"நான் போவல. நீங்க போங்க. எங்கப்பா சிவகிரி பஸ் ஸ்டாண்டுல நிப்பாரு. நடந்தத அவருகிட்ட நீங்களே சொல்லிட்டு வாங்க. வேட்டியக் கட்டிக்கிட்டுப் போங்க."