மேடையில் மட்டும்

ஜெசிந்தனுக்குப் பாடும்போது திக்காது. பேசும்போதுதான் திக்கும். தன் பெயரைச் சொல்லும்போது இன்னும் மோசம். 'ஜெ'யிலேயே தாடை பூட்டிக்கொள்ள, எதிரே நிற்பவர் தரையைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். கொலோனில் மூக்குக்கண்ணாடிக் கடையொன்றின் பின்னறையில் வில்லை தீட்டும் வேலையை அவன் பிடித்துக்கொண்டதே அங்கே யாரோடும் கதைக்கத் தேவையில்லை என்பதால்தான்.

தேவாலயத்தில் மாதத்தில் ஒரு ஞாயிறு நடக்கும் தமிழ்ப் பூசையில் அவனுடைய கிற்றாரைக் கேட்டுவிட்டு லவினியாதான் தேடி வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள். நல்ல குரல், அதைவிடக் கெட்டிக்கார வாய். அவன் மெட்டுப் போட்டான், அவள் ஜேர்மன் மொழியில் வரி எழுதினாள். 2002இல் 'இரண்டு கதிரை' என்று பொருள்படும் ஜேர்மன் பெயரோடு இருவரும் மேடையேறினார்கள். உட்கார இரண்டு கதிரை, ஒரு கிற்றார், இரண்டு குரல், வேறொன்றும் இல்லை.

முதல் நிகழ்ச்சி ஒரு கோப்பிக்கடையில். முப்பது பேர் இருந்திருப்பார்கள். மூன்றாவது பாட்டைப் பற்றி நீயே சொல் என்று லவினியா அவனைத் தள்ளிவிட்டாள். முதல் சொல்லிலேயே அவன் மாட்டிக்கொண்டான். கடை முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தது. அப்போது அவள் ஒலிவாங்கியை இழுத்து, "இவர் இந்தச் சொல்லை முடிப்பதற்குள் நாங்கள் ஒரு பாட்டுப் பாடிவிடலாம்" என்றாள்.

சிரிப்பு வெடித்தது. ஜெசிந்தனும் சிரித்தான். வேறு என்ன செய்வது?

"கோவமே?" என்று வெளியே வந்ததும் கேட்டாள்.

"இ... இல்லை."

"சனத்துக்கு உன்னைப் பிடிச்சிருக்கு ஜெசி. உன்னைப் பாத்துப் பாவப்படேல்லை. அதைப் பார்."

அதன்பிறகு ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் அவள் ஒரு பகிடி சேர்த்தாள். 'இவர் பீட்சாவுக்குத் தொலைபேசி எடுத்தால், பெயரைச் சொல்லி முடிக்கையில் கடை பூட்டியிருக்கும்.' ஊருக்கு ஊர் அழைப்பு வந்தது. 2004இல் சொந்தமாக ஒரு இசைத்தட்டு போட்டார்கள். ஒன்பது பாட்டும், நடுவில் மேடையில் பதிந்த ஒரு பேச்சும். ஆட்கள் அந்தப் பேச்சைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

2006இல் ஜெசிந்தன் யாருக்கும் சொல்லாமல் பேச்சுப் பயிற்சிக்குப் போகத் தொடங்கினான். லிண்டெமன் என்ற பெண்மணி, பொறுமைசாலி, வியாழக்கிழமைதோறும் அவனுக்கு மூச்சு விடக் கற்றுக்கொடுத்தார். ஒரு வருடம் போனது. ஒருநாள் பல் வைத்தியரிடம் தானே தொலைபேசியில் பெயர் சொல்லி, வந்து பார்க்க நேரம் எடுத்தான். அன்று பின்னேரம் லவினியாவின் அறையில் நடந்த ஒத்திகையில் அவள் முன் நிமிர்ந்து நின்றான்.

"என்ரை பேர் ஜெசிந்தன். நான் கொலோனிலை இருக்கிறன். கண்ணாடிக் கடையிலை வேலை செய்யிறன்."

ஒரு இடத்திலும் தடங்கவில்லை. லவினியா கத்திக்கொண்டு கட்டிப்பிடித்தாள். பிறகு மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அப்ப மேடையிலை என்ன செய்யிறது?"

"பாடுவம்."

"பாட்டுக்கு மட்டும் ஆர் வருவினம்? அடுத்த வருசத்துக்கு இருபது இடம் சொல்லி வைச்சிருக்கு." அவள் அவன் கையைப் பிடித்தாள். "மேடையிலை மட்டும்டா. நடிப்புத்தானே. வெளியிலை நீ ராசா மாதிரிக் கதை."

அவன் ஒப்புக்கொண்டான். அவனுடைய மெட்டுகளைப் பாட அவனுக்குத் தெரிந்த வேறு குரல் இல்லை.

எர்லாங்கனில், மாணவர்கள் நிறைந்த மண்டபத்தில், முதல்முறை வேண்டுமென்றே திக்கினான். எந்த எழுத்தில் நிற்பது, எப்போது விடுவது எல்லாம் அவன் கையில் இருந்தது. அன்றைக்கு அது இனிக்கக்கூடச் செய்தது. நாலு மாதம் கழித்து, பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் உண்மையாகவே தடங்கினான். அடுத்த வியாழன் அதைக் கேட்டு லிண்டெமன் அவனை உற்றுப் பார்த்தார். "எங்கேயாவது வேண்டுமென்று திக்குகிறீர்களா?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். அந்தச் சொல்லே வரவில்லை.

2008 வசந்தத்தில் பேர்லின் நொய்கெல்னில் ஒரு ஞாயிறு மத்தியான நிகழ்ச்சி. அவனுடைய அம்மா பேர்பெச்சுவா அங்கே மூத்த மகளோடு இருந்தார். மகன் பாடுவதைப் பார்க்க முதல்தடவையாக வந்து, காஞ்சிபுரம் உடுத்தி முன்வரிசையில் இருந்தார். மன்னாரில் இருந்த காலத்தில் மகனின் நாக்குக்காக மடுமாதாவிடம் நேர்த்தி வைத்தவர். ஜேர்மன் அவருக்கு விளங்காது.

கடைசிப் பாட்டுக்கு முன் ஜெசிந்தன் கிற்றாரைக் கீழே வைத்தான். இது எங்கள் கடைசி நிகழ்ச்சி, நான் நிறுத்துகிறேன் என்று சொல்லப் போனான். முதல் எழுத்தில் தாடை பூட்டிக்கொண்டது. மண்டபம் சிரிக்க ஆயத்தமானது. அவன் லவினியாவைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். பிறகு சபையின் பக்கம் திரும்பினாள்.

"பேர்லினில் புது ரயில் நிலையத்தையே கட்டி முடித்துவிட்டார்கள். இவர் ஒரு வசனத்தை இன்னும் முடிக்கவில்லை."

ஆட்கள் சிரித்துச் சிரித்துக் காலால் தரையைத் தட்டினார்கள். முன்வரிசையில் அம்மாவும் எல்லோரையும் பார்த்துச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நிகழ்ச்சி முடிந்ததும் அவர் ஓடிவந்து மகனின் கன்னத்தைத் தடவினார். "என்ன மாதிரிச் சிரிச்சுதுகள் மோனை! என்ன பகிடி சொன்னனீ?"

"இவர் பெரிய பகிடிக்காரன், அன்ரி" என்று லவினியா அவனுக்காகப் பதில் சொன்னாள்.

அம்மா போனபின் அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீ நடிக்கேல்லை எண்டு எனக்குத் தெரியும். நூறு சனம் பாத்துக்கொண்டிருக்கு, நான் என்ன செய்ய?"

அவன் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு தனியாக ரயிலில் கொலோன் வந்தான். இனி வரமாட்டேன் என்று எழுதித் தபாலில் போட்டான். அவள் பதில் எழுதவில்லை. அடுத்த மாதமே அதே பெயர், அதே பாட்டுகளோடு வேறொருவனைச் சேர்த்துக்கொண்டாள் என்று பூசைக்கு வந்தவர்கள் சொன்னார்கள்.

இலையுதிர் காலத்தில் ஒரு சனிக்கிழமை அவனுடைய கைத்தொலைபேசி அடித்தது.

"அண்ணை, நான் நிலக்சன். லவினியா அக்காவோடை இப்ப நான்தான் கிற்றார் வாசிக்கிறன்." மரியாதையான, தடங்கலே இல்லாத குரல். "குறை நினைக்காதேங்கோ. பாட்டெல்லாம் பாடமாக்கிப்போட்டன். அந்தத் திக்கிறதுதான் சரியா வருகுதில்லை. நடிக்கிறமாதிரிக் கிடக்காம், அக்கா ஏசுறா. நீங்கள் எப்பிடிச் செய்யிறனீங்கள்?"

வையடா போனை என்று சொல்ல ஜெசிந்தன் வாயைத் திறந்தான். 'வ'வில் உதடு ஒட்டிக்கொண்டது. மூச்சு முட்டி முட்டி நின்றது.

மறுமுனை கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டது.

"ஓம் அண்ணை, உதுதான்!" என்றான் நிலக்சன். "இன்னொருக்காச் செய்யுங்கோ."