காந்தா கடை முட்டையில் பிளாஸ்டிக்

ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்புக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக முட்டைக் கடை நடத்துகிற காந்தாவுக்கு, ஏரியா வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றிய அந்த வீடியோவைக் காட்டியது அவள் மகள் துர்காதான். அதில் முகம் இல்லை, இரண்டு கைகள் மட்டும். ஒரு கை உடைந்த முட்டை ஓட்டைப் பிடித்திருக்க, இன்னொரு கை அதன் உட்புறத்திலிருந்து வெள்ளையாக ஒரு தோலை உரித்து இழுத்தது. தோல் கிழியாமல் நீண்டது.

"பாருங்க, பாலிதீன் கவர் மாதிரி வருது. இது பிளாஸ்டிக் முட்டை. காந்தா கடையில வாங்கினது," என்றது ஓர் ஆணின் குரல்.

குரல் யாருடையது என்று காந்தாவுக்குப் புரிந்துவிட்டது. எதிரே அடுக்குமாடியில் குடியிருக்கும் ஜெரோம். வாரம் தவறாமல் ஒரு டஜன் வாங்குகிற மனிதர்.

மறுநாள் கடைக்கு ஏழே பேர்தான் வந்தார்கள். அதில் மூன்று பேர் வாங்கிய முட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தவர்கள். கேம்ப் ரோடு ஹாஸ்டல் சமையல்காரர் போனில், "இப்போதைக்கு வேணாம்க்கா, பசங்க தொட மாட்டேன்றாங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

வாய்க்குப் பேர்போன காந்தா யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. அவளுக்கே சந்தேகம் வந்திருந்தது. ஏப்ரலில்தான் பண்ணையிலிருந்து முட்டை கொண்டுவந்து இறக்கும் லோடுக்காரரை மாற்றியிருந்தாள். அந்த முட்டைகளின் ஓடு முன்பு மாதிரி இல்லை, அட்டையிலிருந்து எடுக்கும்போதே விரல் பட்டு விரிசல் விட்டது. வீட்டில் தானே ஒன்றை உடைத்து உள்தோலை இழுத்துப் பார்த்தாள். நீண்டது. துர்காவுக்கு ஆறாவது மாதம். தினம் இரண்டு முட்டையை அவித்து, உரித்து, கையில் கொடுத்துக்கொண்டிருந்தவள் காந்தாதான்.

அப்போதுதான் சத்யபிரியாவின் நினைவு வந்தது. சேலையூரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து, "ஓடு மெலிசா இருக்கிறது, விரிசல் விட்டது மட்டும் தனியா எடுத்து வைங்கக்கா," என்று கேட்டு வாங்கிப்போகும் பெண். முட்டை ஓட்டைப் பற்றி ஆராய்ச்சி பண்ணுவதாக ஒருமுறை சொன்னபோது காந்தா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

சனிக்கிழமை காலை, பன்னிரண்டு முட்டையை ஒரு தூக்குச் சட்டியில் அடுக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் அவள் வீட்டுக்குப் போய் நின்றாள்.

"மறைக்காம சொல்லும்மா. என் பொண்ணு மாசமா கீறா. தெனம் ரெண்டு துன்னுகினு கீறா. இது இன்னா?"

வீடியோவைப் பார்த்த சத்யபிரியா முதலில் சிரித்தாள். காந்தாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். ஒரு முட்டையை உடைத்துத் தோலை உரித்து, இடுக்கியில் பிடித்து அடுப்புத் தீயில் காட்டினாள்.

"மோந்து பாருங்கக்கா."

"முடி கருகுற நாத்தம்."

"ஆமா. முடியும் புரதம், இதுவும் புரதம்." அடுத்து ஒரு பாலிதீன் துண்டைக் காட்டினாள். அது உருகி, சொட்டி, உருண்டையாக இறுகியது. நெடியும் வேறு. பிறகு ஓட்டின் மேல் வினிகர் ஊற்றினாள். நுரை பொங்கியது. "சுண்ணாம்புன்னாதான் இப்படிப் பொங்கும். பிளாஸ்டிக் சும்மா கிடக்கும்."

"அப்போ இந்தத் தோலு எல்லா முட்டையிலயும் கீதா?"

"இது இல்லாம ஓடே வராதுக்கா. கோழி வயித்துல தோல்தான் முதல்ல. அது மேல புள்ளி புள்ளியா புரதம் இருக்கும். அந்தப் புள்ளியைப் பிடிச்சுக்கிட்டுதான் சுண்ணாம்பு வளர ஆரம்பிக்கும். கிட்டத்தட்ட இருபது மணி நேரம். எவ்வளவு நெருக்கமா அடுக்கணும்கிறதையும் புரதம்தான் பாத்துக்குது. ஓட்டுல இருக்கிறது துளியூண்டுதான், ஆனா அது சரியா அமையலன்னா ஓடு பொலபொலன்னு போயிடும். நாலு வருஷமா நான் அதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன்."

"இது ஏன் மெலிசா கீது?"

"வெயில். கோழிக்கு மூச்சு வாங்கினா ஓட்டுச் சுண்ணாம்புக்கு வேண்டிய கார்பன் டை ஆக்சைடு மூச்சோட வெளிய போயிடும். கோழிக்கு வயசானாலும் இப்படி ஆகும். ஓடுதான் வீக்கு. உள்ள இருக்கிறது நல்ல முட்டை."

காந்தா அடுப்பை அணைத்தாள். பிறகு மகளுக்குப் போன் போட்டாள். "துர்கா, ஒண்ணும் இல்லடி. ஒண்ணுமே இல்ல." போனை நீட்டினாள். சத்யபிரியா போனை வாங்கி மீதியைச் சொன்னாள்.

"அந்த வீடியோ போட்டவர்கிட்டயும் நான் வந்து பேசறேன்க்கா."

"வா. ஆனா நான்தான் செஞ்சு காட்டுவேன். என் கடை."

பத்தரை மணிக்கு அடுக்குமாடி வாசலில் ஜெரோம் இறங்கி வந்தார். பின்னால் ஆறேழு பேர். "சண்டை போட வந்தீங்களா?" என்றார்.

"இல்ல சார். உங்க வூட்ல கீற முட்டையையே எடுத்துகினு வாங்க. நான் கொண்டாந்தது வேணாம்."

அவர் நிரூபணத்துக்காக எடுத்து வைத்திருந்த முட்டையோடு வந்தார். முதல் மாடி ஜெயசீலி, சூப்பர் மார்க்கெட்டில் வாங்கிய ஒன்றைக் கொண்டுவந்தாள். காந்தா இரண்டையும் உடைத்து, இரண்டு தோலையும் இழுத்துக் காட்டினாள். ஒன்றுபோல நீண்டன. சத்யபிரியா லைட்டரை நீட்டினாள். இரண்டிலும் அதே முடி கருகும் நாற்றம். பாலிதீன் மட்டும் உருகிச் சொட்டியது. வினிகரில் இரண்டு ஓடும் பொங்கின.

ஜெரோம் குனிந்து மோந்து பார்த்தார். அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"அன்னைக்கு முட்டை சாப்பிட்ட ஒரு மணி நேரத்துல என் பொண்ணு ஓவியா வாந்தி எடுத்தா, அக்கா. நாலு வயசு. நானேதான் ஊட்டினேன். என்னத்தை உள்ள அனுப்பிட்டேனோன்னு..."

"இப்போ கொழந்தைக்கு எப்படி கீது?"

"நல்லா இருக்கா. அவ கிளாஸ்ல பாதிப் பேருக்கு அதே வாந்திதான், வைரல்னு டாக்டர் சொன்னாரு. நான்தான் நம்பல."

வழி நெடுக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று தயார் செய்துகொண்டு வந்தவள் காந்தா. அதையெல்லாம் விட்டுவிட்டாள். "என் பொண்ணும் இதைத்தான் சார் துன்னா. நானும் பயந்துகினுதான் இருந்தேன்," என்றாள்.

ஜெரோம் அங்கேயே இன்னொரு வீடியோ எடுத்தார். இந்த முறை தன் முகத்தைக் காட்டி, தப்பு தன்னுடையது என்று சொன்னார். எல்லாரும் நம்பிவிடவில்லை. வினிகரில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்று ஒருவர் குரூப்பில் எழுதினார். ஹாஸ்டல்காரர் திரும்பி வர எட்டு நாள் ஆனது. ஆனால் அன்று மதியத்துக்குள்ளேயே பதினைந்து பேர் கடைக்கு வந்து போனார்கள்.

அதற்கு முன்னால், ஜெரோம் வீட்டிலிருந்து கடைக்குத் திரும்ப வேளச்சேரி சாலையைக் கடக்கும்போது காந்தாவுக்குத் திடீரென்று அகோரப் பசி எடுத்தது. சத்யபிரியாவை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குள் நுழைந்து, சுடச்சுட இருந்த மெதுவடையில் நாலை அவள் ஒருத்தியே தின்றுவிட்டு, சட்னி இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள்.