முதல் வரி

பத்து வினாடி என்று ருக்ஸார் சொல்லியிருக்கக் கூடாது. ஒரு நிமிடம் என்று சொல்லியிருக்கலாம். முயற்சி செய்கிறேன் என்று சொல்லியிருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முதலாளி நூர்முகமதுவைச் சம்மதிக்க வைக்கிற வேகத்தில், "எந்த ஃபைலா இருந்தாலும் பத்தே செகண்டு சார், பேரை அடிச்சா வந்து நிக்கும்" என்று நான்கு மாதம் முன்பு வாயை விட்டுவிட்டாள். அந்தப் பத்து வினாடி இந்தத் திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்குத் தொடங்கி, பன்னிரண்டே முக்கால் வரைக்கும் முடிந்தபாடில்லை.

செங்கல்பட்டில் நூர்முகமதுவின் அப்பா, ஊருக்கெல்லாம் பெரிய பாய், தொடங்கிய பத்திரம் எழுதும் ஆபீஸ் அது. எழுதிக் கொடுக்கும் எதற்கும் ஒரு நகலை எடுத்து வைத்துக்கொள்வது பெரிய பாய் காலத்து வழக்கம். அப்படிச் சேர்ந்தது பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கோப்புகள். அலமாரி நிரம்பி, பரண் நிரம்பி, கடைசியில் ஆட்கள் உட்காரும் பெஞ்சுக்கு அடியிலும் கட்டுக்கட்டாகக் கிடந்தன. புதுப்பட்டினத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்கு வரும் ருக்ஸாருக்கு முதல் நாளே தும்மல். வேலைக்குச் சேர்ந்த ஒரே வருடத்துக்குள் அத்தனையையும் ஸ்கேன் பண்ண வைத்து, கோப்புகளுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வாங்க வைத்து, தாள்களை நாற்பது மூட்டையாகக் கட்டி அச்சரப்பாக்கத்தில் முதலாளிக்கு இருந்த ஷெட்டுக்கு அனுப்பிவிட்டாள். அலமாரி இருந்த இடத்தில் இப்போது ஒரு மணி பிளாண்ட் ஜம்மென்று படர்ந்திருந்தது.

அந்த மணி பிளாண்டுக்குக் கீழே, பெஞ்சின் இரண்டு ஓரத்தில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு ஹெல்மெட், ஒரு மஞ்சப்பை. மஞ்சப்பைக்காரர் படாளத்து விவசாயி திருவேங்கடம், அறுபதைத் தாண்டியவர். ஹெல்மெட்காரன் ஜாவித். புதுப்பட்டினத்தில் அரிசிக் கடை வைத்திருக்கிறான். படாளத்தில் திருவேங்கடத்தின் கரும்புக்கும் பெரிய ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் நிலம், காலமான அவன் அப்பா இத்ரீஸுடையது. போன வாரம் ஜாவித் அதில் கல் நட்டுக் கம்பி இழுத்துவிட்டான். திருவேங்கடத்துக்கு வியாழக்கிழமை கரும்பு வெட்ட ஆலையிலிருந்து உத்தரவு வந்தாயிற்று. வெட்டின கரும்பைத் தலையில் சுமந்து ஆலைக்குக் கொண்டு போக முடியாது. டிராக்டர் போக வழி வேண்டும், அந்த வழி இப்போது கம்பிக்கு உள்ளே இருந்தது.

மதுராந்தகம் தாலுகா ஆபீசில் மூன்று மணிக்கு விசாரணை. எழுதின தாள் இருந்தால் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். தாள் இருந்தது. 1997இல் இத்ரீஸும் திருவேங்கடமும் இதே ஆபீசில்தான் ஒப்பந்தம் எழுதினார்கள். திருவேங்கடத்தின் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. இத்ரீஸின் பிரதி எங்கே என்று சொல்ல இத்ரீஸ் இல்லை. மிச்சமிருப்பது ருக்ஸாரின் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் நகல் ஒன்றுதான்.

"டிராக்டர் போற வழின்னு எழுதிக் கீது. நான்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார் திருவேங்கடம், சுவரைப் பார்த்து.

"நடந்து போற வழின்னுதான் எங்க அத்தா சொல்லிக்கினு இருந்தாரு. அவருகிட்ட சொல்லுக்கா" என்றான் ஜாவித், ருக்ஸாரைப் பார்த்து.

காலையிலிருந்து இப்படித்தான். நடுவில் ருக்ஸார் ஒருத்தி தபால்காரி மாதிரி.

அவள் 'திருவேங்கடம்' என்று தேடினாள். முப்பத்தொன்பது வந்தது, எல்லாம் சமீபத்தில் கம்ப்யூட்டரில் அடித்தவை, ஒருவரும் படாளத்துக்காரர் இல்லை. 'இத்ரீஸ்' என்று தேடினாள். யாரோ ஒரு இத்ரீஸ் மாமல்லபுரத்தில் சங்குக் கடைக்கு இடம் வாடகைக்கு எடுத்த கதை வந்தது. 'படாளம்' என்றாள், 'பாதை' என்றாள், '1997' என்றாள். ஊஹூம். கடைசியில் தேடலை விட்டுவிட்டு மொத்தப் பட்டியலையும் திறந்து மேலிருந்து பார்ப்போம் என்று திறந்தாள்.

முதல் கோப்பின் பெயர் ஒரே எழுத்து.

உ. அடுத்த கோப்பின் பெயர், உ (2). அதற்கடுத்தது உ (3). அவள் சுட்டியை உருட்டினாள். உ (900) தாண்டியது. உ (4000) தாண்டியது. உ (7306) வரைக்கும் போய் நின்றது. சரி, தொல்லை விட்டது என்று பார்த்தால் அங்கிருந்து 786, 786 (2), 786 (3) என்று இன்னொரு ஊர்வலம் கிளம்பியது. அதன் வாலில் + என்ற பெயரில் ஒரு நானூறு.

விஷயம் இதுதான். தாளின் முதல் வரியைப் படித்து அதையே கோப்புக்குப் பெயராக வைத்துக்கொள்ளும்படி சாஃப்ட்வேருக்குச் சொல்லிக் கொடுத்தது ருக்ஸாரேதான். சோதித்துப் பார்க்க நூறு கோப்புகளை ஏற்றினாள். அந்த நூறும் சமீபத்தில் கம்ப்யூட்டரில் அடித்தவை, முதல் வரியில் பெயர் பளிச்சென்று இருந்தது. பெரிய பாய் கையால் எழுதின தாள்களில் முதல் வரி என்னவாக இருக்கும் என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளையார் சுழி போடாமல் எந்த இந்து வீட்டுக் காரியம் தொடங்கியிருக்கிறது? 786 போடாமல் எந்த முஸ்லிம் வீட்டில் மளிகைச் சீட்டுகூட எழுதியிருக்கிறார்கள்? கிறிஸ்தவர்களுக்குப் போட்ட சிலுவையைப் பாவம் அந்த மென்பொருள் கூட்டல் குறி என்று எடுத்துக்கொண்டுவிட்டது. கீழே இருந்த பெரிய பாயின் கையெழுத்தோ எந்த மெஷினாலும் படிக்க முடியாத கையெழுத்து.

"சார்" என்று நூர்முகமதுவிடம் மெல்லச் சொன்னாள்.

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார். உருட்டினார். மறுபடி உருட்டினார். "இன்னாம்மா இது, ஊரே பிள்ளையார் சுழியோட நின்னுபோச்சு?"

"என் தப்புதான் சார்."

"மூட்டையப் பிரிச்சுத் தேடலாமா?"

"நாப்பது மூட்டை சார். எதுல இருக்குதுன்னு குறிப்பு இல்ல. ரெண்டு நாள் ஆவும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு. உ என்ற கோப்பை ஒவ்வொன்றாகத் திறக்க ஆரம்பித்தாள். செய்யூரில் மாந்தோப்புக் குத்தகை. மூடினாள். பாகப்பிரிவினை. மூடினாள். இப்படியே ஏழாயிரம் திறந்து முடிக்கும்போது வியாழன் போய் அடுத்த வியாழன் வந்திருக்கும். அவள் சுத்தம் பண்ணின ஆபீசில், அவள் வாங்கின சாஃப்ட்வேரில், ஒரு மனுஷனின் ஒரு வருட வெள்ளாமை மாட்டிக்கொண்டு நிற்கிறது.

"இன்னா பாப்பா, பொட்டி தொறக்கலியா?" என்றார் திருவேங்கடம். குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. "ஒன்றரைக்காவது கெளம்பணும்மா. அத வுட்டா மூணுக்குள்ள மதுராந்தகம் போய்ச் சேர முடியாது."

ஜாவித் முதல்முறையாக அவர் பக்கம் திரும்பினான். "தாளு வராம நானும்தான் போவ முடியாது. எனக்கும் அதுதானே சாட்சி."

இரண்டு பேருக்கும் ஒரே தாள். ருக்ஸாரின் விரல் சுட்டியில் நின்றுவிட்டது. ஒரு பக்கம் திருவேங்கடம், ஒரு பக்கம் இத்ரீஸ்.

"சார், இவங்க மாதிரி ரெண்டு வூட்டுக்காரங்க சேர்ந்து எழுத வந்தா, உங்க அத்தா மேல எதைப் போடுவாரு?"

"ரெண்டையும் போடுவாரு. ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தருக்கு வுட்டா மூஞ்ச தூக்கிக்குவாங்களே" என்றார் நூர்முகமது.

சொல்லி முடிப்பதற்குள் அவள் அடித்துவிட்டாள். உ, ஒரு இடைவெளி, 786. பன்னிரண்டாயிரத்தில் பதினேழு கோப்புகள் வந்து நின்றன. ஒன்பதாவதைத் திறந்ததும், படாளம் கிராமம் என்று பெரிய பாயின் கோழிக்கிறுக்கல். ருக்ஸார் மேசையை ஓங்கித் தட்டியதில் டீ கிளாஸ் குதித்தது.

தலைப்பைத் தாண்டி அந்தக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நூர்முகமது. இரண்டு பேரும் எழுந்து வந்து அவர் நாற்காலிக்கு இரண்டு பக்கமும் நின்றுகொண்டார்கள்.

"இத்ரீஸ் தமது நிலத்தின் கீழ்ப்புறமாகப் பன்னிரண்டு அடி அகலத்தில், வண்டி, டிராக்டர் சகிதம் போக வர, சூரிய சந்திரர் உள்ளவரை..."

"கேட்டியா!" என்று திருவேங்கடம் ஒரு குதி குதித்தார். மஞ்சப்பை கீழே விழுந்தது. ஜாவித்தின் முகம் சுண்டிப்போயிற்று.

"இருங்க, முடியல" என்றார் நூர்முகமது. "மேற்படி பாதைக்குப் பதிலாக, திருவேங்கடம் தமது கிணற்றிலிருந்து வாரந்தோறும் செவ்வாய், சனி ஆகிய இரு தினங்கள் இத்ரீஸின் நிலத்துக்குத் தண்ணீர் விட வேண்டியது."

திருவேங்கடம் குனிந்து மஞ்சப்பையை எடுப்பதில் அளவுக்கு மீறி நேரம் எடுத்துக்கொண்டார்.

"தண்ணியா?" என்றான் ஜாவித். "ஆறு வருஷமா நெலம் காஞ்சு கெடக்குதே பெரியவரே. நமக்கு ஒண்ணுத்துக்கும் ஒதவாத நெலத்துல இவருக்கு மட்டும் எதுக்கு வழின்னுதான் நான் கம்பியே இழுத்தேன்."

"உங்கப்பன் இருந்த வரிக்கும் வுட்டேம்ப்பா. அவன் போனப்புறம் கேக்க ஆள் வர்ல." திருவேங்கடம் தலையைச் சொறிந்தார். "நான் மறந்தேன்னு சொன்னா பொய்யி. கேக்கலியேன்னு வுட்டுட்டேன். தப்புதான்."

ஜாவித் போனை எடுத்து யாரையோ கூப்பிட்டான். "டேய், அந்தக் கல்லுங்கள புடுங்கிடு... ஆமா, எல்லாத்தையும்தான். சாயங்காலத்துக்குள்ள." போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "டிராக்டரு வுட்டுக்கோ நைனா" என்றான்.

"நாளைக்குச் செவ்வாதானே" என்றார் திருவேங்கடம். "காலைல மோட்டாரு போட்டுடறேன்."

ஆனாலும் மூன்று மணிக்குப் போய்ச் சமாதானமாகிவிட்டோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமே. நூர்முகமது ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பேனா மூடியைக் கழற்றினார். தாளின் உச்சியில், நட்டநடுவில், ஒரு பிள்ளையார் சுழி போட்டார்.

"சார்! சார்!" ருக்ஸார் ஏறக்குறைய அவர் கையைப் பிடித்துவிட்டாள். "கையெடுத்துக் கும்புடுறேன் சார். மொதல் வரியில பேரை எழுதுங்க. இதெல்லாம் கீழ எங்கயாவது, ஒரு ஓரமாப் போடுங்களேன்."

"அதெப்டிம்மா?" என்றார் திருவேங்கடம்.

"அதெப்டிக்கா?" என்றான் ஜாவித், அதே மூச்சில். "அது மேலதான் இருக்கணும்."

அன்று காலையிலிருந்து இரண்டு பேரும் சேர்ந்து சொன்ன முதல் வார்த்தை அது. நூர்முகமது சிரித்துக்கொண்டே சுழிக்குப் பக்கத்தில் 786 போட்டார். ருக்ஸார் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, கோப்புக்குப் பெயர் எந்த வரியிலிருந்து என்று கேட்ட இடத்தில் ஒன்றை அழித்துவிட்டு இரண்டு என்று அடித்தாள்.