சுத்தம் செய்யப்பட்டது

வக்கீலம்மாவின் குமாஸ்தா சனிக்கிழமை காலை கடைக்குள் வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. வருகிறவர்தான் முதலில் வணக்கம் சொல்ல வேண்டும் என்பது என் பழக்கம். அவர் சொன்னார். சொல்லிவிட்டுக் கையிலிருந்த லேப்டாப்பை மேசைமேல் வைத்தார்.

"பெரியவரே, வீட்டுக்கு நல்லா வெள்ளையடிச்சுக் குடுத்திருக்கீங்க. ஆனா பழைய குடித்தனக்காரன் இன்னும் உள்ளேதான் இருக்கான்."

"புரியும்படி சொல்லுங்க."

"புது ஓ.எஸ். போட்டீங்க, சந்தோஷம். பாதி டிஸ்க் ரொம்பிக் கிடக்கே! எங்களது எல்லாம் அழிச்சாச்சுன்னா அது யாருது?"

போன வாரம் அவர்கள் அலுவலகத்திலிருந்து பன்னிரண்டு பழைய லேப்டாப்கள் வந்திருந்தன. ஓ.எஸ். என்கிற இயங்குதளத்தைப் புதிதாகப் போட்டு ஒரு பள்ளிக்கூட நூலகத்துக்குக் கொடுக்கப் போவதாகச் சொன்னார்கள். வழக்குக் காகிதங்கள் இருந்த இயந்திரங்கள். ஊரார் சண்டையெல்லாம் அதற்குள் இருக்கும். ஆகையால் இருப்பதன் மேலேயே ஏற்றாமல், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அடியிலிருந்து போட வேண்டும். "ஒரு எழுத்து மிஞ்சாது" என்று வக்கீலம்மாவிடம் நானே வாக்குக் கொடுத்தேன். எங்கள் கடையின் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடி வந்த வேலை என்று வீட்டில் மூன்று நாள் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

வேலையைச் செய்தவன் என் தம்பி. திருப்புளி பிடிப்பது அவன், கையெழுத்துப் போடுவது நான். பல வருஷமாக அப்படித்தான். முடிந்த ஒவ்வொன்றிலும் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று அச்சடித்த சீட்டை ஒட்டி அதன் கீழே கையெழுத்திடுவேன். அது என் பெயர் மட்டுமல்ல. முன்னெழுத்தாக என் தகப்பனாரும் அதில் இருக்கிறார்.

"என் தம்பி கை வெச்ச மெஷின்ல மிச்சம் இருக்காது. உங்க ஆபீஸ்ல யாராவது சினிமா ஏத்தியிருப்பாங்க," என்றேன்.

"எங்க ஆபீஸ்ல யாருங்க சினிமா பாக்கப் போறா? அங்கே தினமும் நேர்லயே ஓடுது." அவர் சிரித்துக்கொண்டே படியிறங்கினார். "நீங்களே பாருங்க. நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன்."

தம்பி சாமான் வாங்கப் போயிருந்தான். நானே திறந்தேன். எனக்கு இந்த வேலை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். கடையைத் தொடங்கியவன் நான். கண் மங்கிய பிறகுதான் மேசையை அவனுக்கு விட்டேன். ஓ.எஸ். போடும்போது நடுவில் ஒரு திரை வந்து, டிஸ்க்கில் இருக்கும் பார்ட்டிஷன்களை, அதாவது பகுதிகளை, வரிசையாகக் காட்டும். அங்கே ஒவ்வொன்றையும் அழித்து வெற்றிடமாக்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். அழிக்காமல் 'அடுத்து' என்று அமுக்கினாலும் ஓ.எஸ். ஏறிவிடும். பார்ப்பதற்கும் புதுசாகவே இருக்கும். ஆனால் பழையதையெல்லாம் மூட்டை கட்டி, 'பழையது' என்று பெயரும் எழுதி ஓர் ஓரத்தில் வைத்துவிடும். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன் செய்கிற பிழை அது. என் தம்பி செய்கிற பிழை அல்ல.

மூட்டை இருந்தது.

வாடிக்கையாளரின் கோப்பை யாரும் திறக்கக் கூடாது என்பது எங்கள் கடைக் கட்டுப்பாடு. யாரோ ஒருவருடைய படத்தைத் திறந்து வைத்துச் சிரித்துக்கொண்டிருந்த என் மச்சினனை அன்றைக்கே வேலையைவிட்டு அனுப்பியவன் நான். ஆகவே பெயர்களை மட்டும் பார்த்தேன். இன்னார் எதிர் இன்னார், இன்னார் எதிர் இன்னார் என்று ஓடிக்கொண்டே போயின. ஒரு வரியில் என் மகளின் பெயர் இருந்தது. 'எதிர்' என்ற சொல்லுக்கு அந்தப் பக்கம் என் மாப்பிள்ளையின் பெயர்.

அதே பெயரில் ஊரில் ஆயிரம் பேர் இருப்பார்கள். ஆனால் முன்னெழுத்து என்னுடையது.

திறந்தேன்.

மனுதாரர் பதினான்கு மாதங்களாகக் கணவரைப் பிரிந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதியில் தங்கியிருக்கிறார். விவாகரத்து கோருகிறார். அடுத்த விசாரணை வருகிற செவ்வாய்க்கிழமை. நானும் அதில் ஒரு பத்தியாக இருந்தேன்: மனுதாரர் ஒரு முறை தகப்பனார் வீட்டுக்குச் சென்றதாகவும், அன்று மாலையே தகப்பனார் அவரைக் கணவர் வீட்டில் கொண்டுபோய் விட்டதாகவும்.

விட்டது உண்மைதான். ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். அக்கம்பக்கத்தார் என்ன ஏது என்று கேட்பதற்குள் காரில் ஏற்றிக்கொண்டு போய் நானே விட்டுவிட்டு வந்தேன். வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசிப் பக்கத்தில் சாட்சியின் கையெழுத்து இருந்தது. மனுதாரரின் சித்தப்பா. அதிலும் என் தகப்பனாருடைய அதே முன்னெழுத்து.

தம்பி உள்ளே வந்தபோது திரையை அவன் பக்கம் திருப்பி வைத்தேன்.

"என்னடா இது?"

பார்த்தான். கையிலிருந்த பெட்டியை மெதுவாகக் கீழே வைத்தான். "பார்ட்டிஷன அழிக்காம விட்டுட்டேன் போல இருக்குண்ணே."

"நான் பார்ட்டிஷனப் பத்தியா கேட்டேன்?"

"இல்லண்ணே." அவன் உட்காரவில்லை. "இந்த மெஷின ஆன் பண்ணதுமே அவ கேஸ் பேர் திரையிலயே இருந்துச்சு. அந்த நேரம் பார்த்து நீங்க கண்ணாடியத் தேடிக்கிட்டு என் முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னீங்க. மாப்பிள்ளைக்கு இந்த வருஷம் பதவி உயர்வு நிச்சயம்னு சொல்லிக்கிட்டு. அவசரத்துல ஓ.எஸ். இருக்கிற பென்டிரைவச் சொருகி, வந்ததுக்கெல்லாம் அடுத்து, அடுத்துன்னு அமுக்கித் தள்ளிட்டேன்."

மற்றப் பதினொன்றையும் பதறாமல் துடைத்திருக்கிறான். எனக்குத் தெரியக் கூடாது என்று அவசரப்பட்ட ஒன்றுதான் எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

"அண்ணிக்குத் தெரியும்."

"அப்புறம்?"

"என் வீட்டுல தெரியும். உங்க மச்சினனுக்கும்..."

"நான் வெளிய அனுப்பினேனே, அவனுக்கா?"

"விடுதி பார்த்துக் குடுத்ததே அவர்தாண்ணே."

"தெருமுனையில இஸ்திரி போடுறானே, அவனுக்கு?"

"ஐயோ, அவனுக்குத் தெரியாதுண்ணே."

"அப்போ நானும் அவனும்தான் பாக்கி."

இந்த வேலை எப்படி நம் கடைக்கு வந்தது என்று கேட்டேன். அவளுக்காக வக்கீலம்மாவிடம் பல முறை போய் வந்ததில் பழக்கம் என்றான். கடையின் பெயரைக் கேட்டு யாரும் வரவில்லை.

"கூடப் பிறந்தவன்டா நீ. ஒரே மேசையில உக்காந்து ஒரே டப்பாவுல சாப்பிடுறோம். ஒரு வார்த்தை சொல்லத் தோணலையா?"

"சொல்லியிருந்தா மறுபடியும் கார எடுத்திருப்பீங்க."

"குடும்ப மானம்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"அண்ணே, அன்னிக்கு அவ முழுக்கைச் சட்டை போட்டுட்டு வந்தா. அந்த வெயில்ல. ஏன்னு நீங்க கேக்கல. அவளும் சொல்லல. அண்ணிதான் மறுநாள் போய்ச் சட்டைக்கைய மடிச்சுப் பார்த்தாங்க."

என்னிடம் பதிலை எதிர்பார்க்காமலே அவன் நின்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நானே பென்டிரைவைச் சொருகினேன். அந்தத் திரை வந்ததும் ஒவ்வொரு பகுதியாக அழித்தேன். பட்டியல் ஒற்றை வரியாகச் சுருங்கி, வெற்றிடம் என்று காட்டிற்று.

ஓ.எஸ். ஏறி முடிகிற நேரத்தில் குமாஸ்தா வந்தார்.

"தப்பு எங்க மேலதான்," என்றேன். பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டிக் கையெழுத்திட்டேன்.

"அடடா, பெரியவர் வாயால தப்புன்னு வருதே! குடித்தனக்காரன் யாருன்னு பார்த்தீங்களா?"

"நாங்க எதையும் திறந்து பார்க்கிறதில்ல."

இந்தக் கடையில் நின்று நான் சொன்ன முதல் பொய் அது. அவர் நம்பினார்.

அவர் போனதும் மகளுக்குப் போன் செய்தேன். தம்பி வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. நானே கேட்டால், என் முகத்துக்காகவாவது உண்மையைச் சொல்வாளா?

"மாப்பிள்ளை சௌக்கியமாம்மா?"

"சௌக்கியம்ப்பா. குளிச்சிட்டு இருக்காரு."

ஒரு தடுமாற்றமும் இல்லை. பதினான்கு மாதப் பழக்கம்.

"செவ்வாய்க்கிழமை எத்தனை மணிக்கு?"

அந்தப் பக்கம் தூரத்தில் யாரோ ஒரு பெண் இன்னொருத்தியை வாளிக்காகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

"சித்தப்பா சொன்னாரா?"

"யாரும் சொல்லல. அதனாலதான் நானே கேக்கிறேன்." போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டேன். "நான் வரேன். பெத்தவன் பக்கத்துல நிக்கிறதுதான் முறை."

"வேண்டாம்ப்பா."

"என்ன வேண்டாம்?"

"நீங்க வந்து நின்னா எனக்குப் பேச வராது." அவள் அழவில்லை. கோபமும் இல்லை. கடையில் ஒரு பொருள் இல்லை என்று சொல்வதுபோல் சொன்னாள். "சித்தப்பா வரட்டும்."

போனை வைத்தேன். அவள் சொன்னது தம்பிக்கும் கேட்டிருக்கும். செவ்வாய்க்கிழமை விடுப்பு வேண்டும் என்று அவனால் என்னிடம் கேட்க முடியாது என்பதும் தெரிந்தது.

"நீ போய்ட்டு வா," என்றேன். "கடைய நான் பார்த்துக்கிறேன்."

"அண்ணே..." என்று கையைப் பிடிக்க வந்தான்.

கையை இழுத்துக்கொண்டேன்.